பக்கத்துத் தூளி

அம்மிக்குழவி கிடந்த தூளியை ஆட்ட அம்சவள்ளிக்கு இரண்டு விரல் போதும். அன்று மதியம் உள்ளங்கையை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. காலையிலிருந்து வயிற்றுக்கு ஒன்றும் போடவில்லை, கை ஓய்ந்துவிட்டது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

வில்லியனூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில், சித்திரை வெயிலுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டால் நெல்மூட்டை வாடையும் டிங்சர் வாடையும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைக்கும் உள்ளறையில், ஒரே உத்தரத்தில் இரண்டு தூளிகள் தொங்கின. ஒன்றில் அமுதம். மற்றதில், பழைய சிவப்புச் சேலைக்குள், கல். கயிறு உத்தரத்தில் உரசி முனகுவதும், கரும்பு ஏற்றிய வண்டி எங்கோ தெருவில் ஊர்ந்து போவதும் தவிர வேறு சத்தமில்லை.

தை மாதம் பீகாரில் பூமி குலுங்கி ஊர் ஊராகச் சரிந்தபோது, அவள் தம்பி சேதுராமன் தொண்டர்களோடு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கம்பவுண்டர் வேலை தெரிந்தவன். பங்குனியில் திரும்பியபோது தோளில் இந்தப் பெண்குழந்தை. இரண்டு வயது இருக்கலாம். இடிபாட்டிலிருந்து எடுத்தது, கேட்டுக்கொண்டு ஒருவரும் வரவில்லை என்றான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அமுதம் என்று பெயர் வைத்தவள் அம்சவள்ளிதான். குழந்தையின் கணுக்காலில் ஒரு கன்றிய தழும்பு. எந்தக் களிம்புக்கும் அது மசியவில்லை.

மதிய ரயில் வண்டி போகும்போது வீட்டுத் தரை லேசாக அதிரும். மற்றவர்களுக்குப் பழகிப்போன அதிர்வு. அமுதம் மட்டும் அலறுவாள். உடம்பு விறைத்து, உதடு நீலம் பாரித்து, பொழுது சாயும்வரை ஒரு சங்கு பால்கூட இறங்காது. தெருவே காறித் துப்பியது. செத்த ஊர்ப் பீடையை வீட்டுக்குள் சேர்த்துவிட்டாள் என்று காது படவே பேசினார்கள். கடையை மூடிவிட்டு வந்த கணவன் உலகநாதனும் அதையே வேறு விதமாகச் சொன்னான்.

"அமாவாசைக்குள்ள இது அழுவய நிறுத்தலன்னா, பாண்டியில கன்னியாஸ்திரி மடத்துல வுட்டுட்டு வந்துடுவேன். பாத்துக்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அம்சவள்ளியின் மடியில் தூங்கிய முதல் குழந்தை அது. விட அவளுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் வண்டி நேரத்தில், பக்கத்தில் மாற்றுக்கென்று கட்டி வெறுமனே தொங்கிய தூளியில் அவள் கை இடித்தது. தூளி ஆடியது. அமுதம் தலையைத் திருப்பி அதையே பார்த்தாள். அழுகை நின்றது. அம்சவள்ளி அதை ஆட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை தூங்கிப்போனாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

வேலைக்கு வரும் மணியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "வெறுந்தூளிய ஆட்டாதம்மா. கொயந்தக்கி ஆவாது."

வெறுமையாக இருந்தால்தானே ஆகாது? தொட்டில் போடும் நாளில் குழந்தைக்கு முன்னால் அம்மிக்குழவியைக் குளிப்பாட்டிக் கிடத்துவார்களே, அதையே இவளும் செய்தாள். கல்லுக்குப் பொட்டு வைத்தாள். பால் தொட்டுக் காட்டினாள். அமுதத்துக்குத் துணையாக இருக்கட்டுமென்று அதைத் தம்பி என்று கூப்பிட்டுத் தாலாட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் அழுகை இல்லை.

இன்றுதான் இந்தக் கனம். தூளிக்கு அடியில் கொஞ்சம் பொடிமண்ணும் கிடந்தது. கறையானோ என்று உத்தரத்தைப் பார்த்தாள். இல்லை.

களிம்போடு வந்த சேதுராமன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாருக்குக்கா ரெண்டாவது தூளி?"

"தொணைக்குடா. உள்ள கல்லுதான் கெடக்குது. தம்பின்னு பாடுனா இவ தூங்கிடறா."

அவன் முகம் வெளிறியது.

"அவுத்துடுக்கா. இப்பவே அவுத்துடு." குரல் தாழ்ந்தது. "அங்க ஒரே தொட்டில்ல ரெண்டு பேரு கெடந்தாங்க. ரெட்டப் புள்ளைங்க. பையன் செத்துப்போயிருந்தான். ஆனா இவ கால வுடல. வெரல ஒண்ணொண்ணா பிரிச்சித்தான் இவள எடுத்தேன்."

அம்சவள்ளியின் கை தூளி முடிச்சுக்குப் போனது. ஆனால் நாளைக்கு அமாவாசை. இன்று அழுதால் குழந்தை மடத்துக்குப் போய்விடும்.

"இன்னிக்கி ஒருநாளு தூங்கட்டும்டா. நாளைக்கி அவுத்துடறேன்."

"அக்கா..."

"போடா. நீயும் இவள தொரத்தத்தான் வந்தியா?"

களிம்பை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே வரவில்லை. அவள் களிம்பை எடுத்து அமுதத்தின் கணுக்காலில் பூசினாள். தழும்பு நேற்றைவிடக் கறுத்திருந்தது.

வண்டி நேரம் நெருங்கியது. மறுபடி ஆட்டினாள். சேலை வழியாக உள்ளங்கையில் ஏதோ மெத்தென்று பட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். துணி மடிப்பு. துணி மடிப்புத்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கொல்லைப்புறத்தில். கல்லில் கல் உரசும் சத்தம்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே அம்மி.

எழுந்து போனாள்.

"மணியம்மா, இன்னா அரைக்கற?"

"மொளகாம்மா."

மணியம்மாளின் இரண்டு கைக்கும் நடுவே குழவி. பொட்டு இருந்த இடத்தில் மிளகாய் விழுது.

"அத்த எப்ப எடுத்த?"

"காலைலயே எடுத்தாந்துட்டேன். வூட்ல இருக்கறதே ஒரு கொயவி. அதுக்குப் போயி தாலாட்டு பாடிக்கினு..."

அம்சவள்ளியின் உள்ளங்கை கூசியது. புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

வண்டி ஊதியது. தரை அதிர்ந்தது. அவள் அலறலுக்காகக் காத்திருந்தாள்.

அலறல் இல்லை.

சிரிப்பு. குழந்தைச் சிரிப்பு. அமுதம் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

ஓடினாள். அறை வாசலில் கால் நின்றுவிட்டது.

அமுதத்தின் தூளி தட்டையாகத் தொங்கியது. அசைவில்லை.

பக்கத்துத் தூளி ஆடியது. தள்ள ஆளில்லை. தரையைத் தொடும்படி தாழ்ந்து, பொடிமண் உதிர உதிர ஆடியது.

சேலை விளிம்புக்கு வெளியே அமுதத்தின் கால். களிம்பு மினுங்கும் கணுக்கால். தழும்பு தெரியவில்லை.

அதன்மேல் விரல்கள். மண் அப்பிய சின்ன விரல்கள்.

சிரிப்பு நின்றது. கால் மெல்ல உள்ளே இழுபட்டது. குதிகால். பாதம். கடைசியாகக் கட்டைவிரல்.

தூளி ஆடிக்கொண்டே இருந்தது.