கறுப்புக் குட்டி விற்பனைக்கு இல்லை

"தாய் நாயை முதல்ல காட்டுங்க. அப்புறம்தான் குட்டி!"

கேட்டைத் திறந்தவனிடம் ஐல்சா சொன்ன முதல் வார்த்தையே அதுதான். நாய்க்குட்டி வளர்த்து விற்கும் லாக்லன் சிரித்தான். மழைச்சாரல் படிந்த சாம்பல் நிறக் கண்கள்... அவள் அந்தச் சிரிப்பை நம்பவில்லை. பெர்த் நகரத்துப் பக்கம் ஒரு கார் நிறுத்துமிடத்தில் அவளுக்கு லாப்ரடார் குட்டி விற்றவனும் இப்படித்தான் சிரித்தான். தாய்வழி வந்த கோளாறால் இரண்டே வயதில் இடுப்பு மூட்டு கெட்டு, அது அவள் மடியிலேயே போய்விட்டது. வேட்டையில் சுடப்பட்டு விழும் பறவைகளை நாயை விட்டுத் தேடி எடுப்பதுதான் அவள் பிழைப்பு. நாயில்லாமல் பாதி சீசன் வீணாகிவிட்டது.

தாய் நாய் ஃபெர்ன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு."

"கண் பரிசோதனை?"

"அதுவும் ஆச்சு. எனக்குக்கூடப் பண்ணியிருக்கேன்... பார்க்கிறீங்களா?"

"தேவையில்லை!" என்றாள். உதட்டில் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில், துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளாத குட்டி எது என்று பார்க்க, குட்டிகளின் கொட்டிலில் நின்று பலமாகக் கைதட்டினாள். எல்லாம் மூலைக்கு ஓடின. ஒரே ஒரு கறுப்புக் குட்டி மட்டும் ஒரு பறவைச் சிறகைக் கவ்வி வந்து அவள் பூட்ஸ் மேல் வைத்தது.

"இதுதான் எனக்கு!"

லாக்லன் முகம் மாறியது.

"அது... எனக்குன்னு வச்சிருக்கேன். மத்ததுக்கெல்லாம் ஆள் இருக்கு. அடுத்த ஈத்துக்குச் சொல்லி வைக்கத்தான் உங்களை வரச் சொன்னேன்."

"இதை இப்பத்தான் சொல்றீங்களா? நல்லதைப் பதுக்கிட்டு, என்னை முட்டாளாக்கி... நீங்களும் அவனை மாதிரிதான்!"

மழையில் விடுவிடுவென்று நடந்தாள். கார் கதவைத் திறந்தபோது பின்னால் காலடிச் சத்தம். கோட்டுக்குள் குட்டியை அணைத்தபடி, மூச்சிரைக்க அவன்.

"எடுத்துக்குங்க."

"இப்ப மட்டும் ஏன் தர்றீங்க? என்ன கோளாறு இதுக்கு?"

"குட்டிக்கு ஒண்ணுமில்லே. கோளாறு எனக்குத்தான்..." அவன் குரல் தடுமாறியது. "கேட் வாசல்லேயே உண்மையைச் சொல்லியிருந்தா, அப்பவே திரும்பிப் போயிருப்பீங்க. அனுப்ப மனசு வரலே..."

பொய் எங்கே என்று அந்தக் கண்களுக்குள் தேடினாள். கிடைக்கவில்லை.

குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். கன்னம் சூடானது.

"ஃபெர்னைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு, லாக்லன்..." என்றாள் மெல்ல. "அதுக்கப்புறமும் ஏன் அத்தனை கேள்வி கேட்டேன்னு, உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"