பன்னிரண்டு வீட்டு ஊற்று

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தண்ணீர் கேட்கக்கூட வாய் வருவதில்லை, எல்லாம் மனசுக்குள்ளேயே நடக்கிறது, திருட்டுப் பயல்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று திட்டிக்கொண்டேதான் பெரியவர் ஊர்காவலன் தினமும் கண் விழிப்பார். விழித்ததும் அவரும் மனசுக்குள் ‘நாலு’ என்று நினைப்பார். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த, நினைப்பைப் படிக்கும் தீர்மானச் சில்லு லேசாகச் சுடும். கொல்லைக் குழாய் தானே திறந்து, கணக்காக நாலு குடம் விட்டுவிட்டு மூடிக்கொள்ளும்.

கடலை ஒட்டிய அந்த மணல்மேட்டில் மிச்சமிருந்தது பன்னிரண்டு வீடு, ஒரே ஊற்று. மணலுக்கடியில் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர், பாலின் மேல் ஆடை மாதிரி மெல்லிசாக மிதந்தது. அளவோடு எடுத்தால் மழை வந்து ஈடுகட்டும். நடுத்தெரு அளவுக் கம்பத்தின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கினால் உப்பு மேலேறும். அப்புறம் ஊரையே காலி செய்துவிட்டு வடக்கு முகாமுக்குப் போகவேண்டியதுதான்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தது அதற்காகத்தான். யாரும் பார்க்காதபோதும் மனிதன் விட்டுக்கொடுப்பானா என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமாம். ஒரு வீடு நாளைக்கு இருபது குடம் வரை எடுக்கலாம். யார் எவ்வளவு எடுத்தார் என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். ஊற்றின் மட்டம் மட்டும் நடுத்தெருக் கம்பத்தில் தெரியும். சில்லுகளைப் படிக்க ஊர்க்கோடியில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டிடம் எழும்பியது. கணிமனை என்று பெயர். ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நாலு குடம் என்று ஊர் கூடிப் பேசி முடித்தார்கள். நாலு என்றால் ஊற்று தாங்கும் என்று ஆராய்ச்சிக்காரர்களே சொன்னார்கள். ஊர்காவலன் நாலிலேயே நின்றார். மூன்று நாளைக்கு ஒருதடவை குளித்தார். பெண்டாட்டி குருவம்மாவை அந்த மணலில்தான் புதைத்திருந்தது. பக்கத்தில் தனக்கும் ஆறடி ஒதுக்கிக் கல் நட்டு வைத்திருந்தார். முகாமில் செத்தால் எரித்துவிடுவார்கள், சாம்பல்கூடத் தரமாட்டார்கள்.

ஆனாலும் மட்டம் இறங்கியது. மாசத்துக்கு ஒரு விரற்கடை.

“எவனோ அடிக்கிறான்டா மாப்ளே,” என்றார் பக்கத்து வீட்டுச் சாத்தையாவிடம். அவன் குருவம்மாவின் தம்பி.

“நீங்கதான் அடிக்கிறீகன்னு மேல வீட்டுல பேசிக்கிறாக மச்சான்.”

“நானா? கிட்ட வந்து மோந்து பாருடா. இருபது குடம் எடுக்கிறவன் மேல இந்த நாத்தம் அடிக்குமா?”

“அது கல்யாணத்தன்னைக்கே அடிச்சது. அக்கா சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்துச்சு.”

ரெண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்ததோடு சரி.

ரெண்டு வாரம் கழித்துச் சாத்தையாவின் கொல்லையில் மணல் ஈரமாகக் கிடந்ததை ஊர்காவலன் வேலி வழியாகப் பார்த்துவிட்டார்.

“என்னடா இது?”

“குடம் கை நழுவிப் போச்சு மச்சான்.”

“ஒரு குடத்து ஈரமாடா இது?”

“அக்கா மேல சத்தியமா ஒரு குடந்தான்.”

“செத்தவளைச் சாட்சிக்கு இழுக்காதே.”

அதோடு ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஊரே அப்படி ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக் கொடியில் எத்தனை துணி காய்கிறது என்று அடுத்த வீட்டுக்காரி எண்ணினாள். எவன் தலையாவது ஈரமாக இருந்தால் தெருவே திரும்பிப் பார்த்தது.

மட்டம் கோட்டுக்கு மூன்று விரல் மேலே வரை இறங்கி நின்ற அன்று காலையில் ஊர்காவலன் கண் விழித்தார். எல்லாப் பயலும் அள்ளுகிறான், நான் மட்டும் நாறிக்கொண்டு கிடக்கவா? வாயால் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் வெட்கப்பட்டிருப்பார். நினைத்தாலே போதும் என்பதால் நினைத்துவிட்டார். இருபது.

சிமெண்டுத் தொட்டி ததும்பியது. குளிக்கத் தோன்றவில்லை. அதன் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளும் இருபது. வீட்டிலிருந்த பானை, சட்டி எல்லாம் நிரம்பியது.

பத்தாம் நாள் குழாய்த் தண்ணீர் கரித்தது.

முகாம் வண்டிகள் வந்தன. ஆளுக்கு ரெண்டு பைதான், தண்ணீர் ஏற்றக் கூடாது. தெரு நெடுகக் கொல்லைகளில் தொட்டிகள் விளிம்புவரை நின்றன, யாரும் தொடாத நல்ல தண்ணீர். சாத்தையாவின் வேலிப்பக்கம் மட்டும் ஊர்காவலன் திரும்பவில்லை.

ஆராய்ச்சிக்காரப் பெண் நிறைமதி அவரைத் தேடி வந்தாள். அழுதிருந்தாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் இனிக் கணக்கைக் காட்டலாமாம். கையகலத் திரையை நீட்டினாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. சொல்லு.”

“ரெண்டு வருஷமும் எல்லா வீடும் நாலுதாங்கய்யா எடுத்தீங்க. ஒருத்தர்கூட மீறலை. கடைசிப் பத்து நாள்தான் பதினோரு வீடு இருபதுக்குப் போச்சு.”

“மிச்ச ஒண்ணு?”

“சாத்தையா. கடைசிவரைக்கும் நாலு.”

ஊர்காவலன் துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப தண்ணி எங்க போச்சு?”

அவள் ஊர்க்கோடிக் கட்டிடத்தைப் பார்த்தாள். “சில்லைப் படிக்கிற மெஷின் சூடாகும். அதைக் குளிரவைக்க நாளைக்கு அறுபது குடம்.”

“இதே ஊத்துலயா?”

“ஆமாங்கய்யா.”

“அதைக் கணக்குல சேக்கலையா?”

“அது ஆள் இல்லையே. பட்டியல்ல ஆளுங்களை மட்டுந்தான் எழுதினோம்.”

“ஊத்துதான் கரிக்குதே, இப்ப எதுல ஓடுது?”

அவள் குரல் இறங்கியது. “கடல் தண்ணியில.”

கணிமனை உறுமியது.

“நீங்க யாரும் தப்புப் பண்ணலைங்கய்யா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“மெஷின் குடிச்சிருக்கும், நான் இல்லேங்கலை. ஆனா யாரும் பாக்காதப்ப மனுசன் நாலோட நிப்பான்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதே.”

“நீங்க நின்னீங்களேய்யா, ரெண்டு வருஷம்.”

“நான் நின்னேன், அது எனக்குத் தெரியும். இவனுகளைச் சொல்றேன்.”

முன்வண்டியிலிருந்து சாத்தையா தலையை நீட்டினான். “மச்சான், இங்கிட்டு வாங்க. எடம் போட்டு வச்சிருக்கேன்.”

ஊர்காவலன் நின்றார். ஒருதரம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு ரெண்டு பையையும் ஒரே கையில் மாற்றிக்கொண்டு, அந்த வண்டியைத் தாண்டிக் கடைசி வண்டியைப் பார்த்து நடந்தார்.