யாரும் ஊதாத நீள விசில்

அருவி பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் மூஞ்சியைத்தான். தேசியப் பூங்காவின் காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். அன்று மதியம் அந்த அம்மாவும் எட்டு வயது மகளும் படியிறங்கி வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போன வருஷம் விசாரணை அறையில் அவளை எனக்கு எதிரே உட்கார வைத்திருந்தார்கள். அவள் புருஷனைத்தான் இந்த அருவி அடித்துக்கொண்டு போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

அருவி இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது, எங்களுக்கு விசில்தான் பேச்சு. அப்போதெல்லாம் உச்சி மேடையில் ஒரு காவலர் நின்று வருகிற தண்ணீரைப் பார்ப்பார். தெளிவாக வந்தால் குட்டியாக இரண்டு விசில், அருவிக்கடியில் இருக்கிற பாறைக்குப் போகலாம். கலங்கி வந்தால் நீளமாக ஒன்று, உடனே ஏறி வா. மேலே கேட்டதைக் கீழே நிற்கும் நான் திருப்பி ஊத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை எனக்கு.

அவள் புருஷன் போன அன்று மேலே நிற்க வேண்டியவன் என் மச்சினன். "மாமா, ஒரு மணி நேரம் சமாளிச்சுக்கோங்க" என்று கிளம்பிவிட்டான். சமாளித்தேன். மேலிருந்து எதுவும் கேட்காமலே நானாக இரண்டு குட்டி விசில் ஊதினேன். அந்த மனிதர் எனக்குக் கையசைத்துவிட்டுப் பாறைக்குப் போனார். தண்ணீர் பழுப்பாக வந்தபோது விசில் என் வாயில் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

விசாரணையில், "நீளமா ஊதினேன், அவர்தான் காதுல வாங்கிக்கல" என்றேன். மச்சினனும் ஆமாம் போட்டான்.

இப்போது படியிறங்கியவள் நேராக என்னிடம் வந்தாள்.

"இவ தூங்க மாட்டேங்குறா சார். விசில் கேட்டும் அப்பா ஏன் வரல, நம்மகிட்ட வரப் பிடிக்கலையான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்களே இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அதான் அன்னைக்கே சொன்னேனேம்மா" என்றேன். பச்சைப் பொய். இரண்டாம் முறையும் வாய் கூசவில்லை.

அப்போதுதான் உச்சியிலிருந்து கேட்டது. குட்டியாக இரண்டு விசில்.

அந்த விபத்தோடு மேடையைப் பூட்டி ஒரு வருஷம் ஆகிறது.

சாவி என் இடுப்பில் இருந்தது.

பாசி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. சிறுமி தலைதூக்கினாள். விசில் விதியை வாசல் பலகையில் படித்திருப்பாள். "ரெண்டு தடவைன்னா போகலாம்தானே" என்றபடி வழியை அடைத்திருந்த சங்கிலிக்கு அடியில் புகுந்து பாறையை நோக்கி ஓடினாள்.

அவளுக்கு மேலே, வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பழுப்பாக மாறியது.

நீளமாக ஊதினேன்.

குட்டியாக இரண்டு கேட்டது.

மூச்சைத் திரட்டி மறுபடி ஊதினேன். என் வாயிலிருந்த விசிலே என் மூச்சை இரண்டாக வெட்டியது. அதைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

"போகாதம்மா, அது பொய். உங்கப்பாவையும் போகலாம்னு ஊதி அனுப்பினது நான்தான். நீள விசில் யாருமே ஊதல."

இரைச்சல் நின்றிருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தாயின் காதில் விழுந்தது, மகளின் காதிலும் விழுந்தது. அவள் திரும்பி ஏறி வந்தாள். அவள் காலெடுத்த பாறையை வெள்ளம் விழுங்கியது. பிறகுதான் இரைச்சல் திரும்பி வந்தது.

தாய் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மகளை இறுக்கிக்கொண்டு, "ஒரு வருஷம் எம்புள்ளைய அப்படி நினைக்க வெச்சுட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பாவை யாரும் கூப்பிடவே இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"இப்பக் கூப்பிடுங்க."

கீழே கிடந்த விசிலை எடுத்தேன். ஊதினேன். இந்த முறை நீளமாக வந்தது.

வெயிலில் காய்ந்து கிடந்த படியில் ஓர் ஈரக் கால்தடம் விழுந்தது.

அடுத்த படியில் அடுத்தது.

தடங்கள் சிறுமியின் பக்கத்தில் வந்து நின்றன. அவளுடைய நனைந்த முடி நெற்றியிலிருந்து மெல்ல விலகியது.

"கூப்பிட்டா வருவாரு அம்மா. நம்மகிட்ட வரப் பிடிக்காம இல்ல" என்றாள்.

தாய் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். கால்தடங்கள் அவர்களோடு போகவில்லை. என் பக்கம் திரும்பின.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "மூடின கேஸை எதுக்குய்யா கிளறுற, போய் வேலையைப் பாரு" என்றார். பார்க்கிறேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு, கேட்டைப் பூட்டுமுன், எல்லோரையும் மேலே ஏற்ற நான் நீளமாக ஊதியாக வேண்டும். எல்லோரும் ஏறி வருகிறார்கள். கடைசி ஆளும் வெளியே போன பிறகு, படியில் இன்னொருவர் ஏறி வருகிற சத்தம் கேட்கிறது.