பக்தவத்சலம் பாலம்

முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் மேல், குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள் பின்னி நிற்கும் அந்த உயரமான நெடுஞ்சாலைப் பாலத்தில் மீன்காரி வேண்டா ஏறியபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் பிரவின்குமார் குடை பிடித்தபடி கூடவே வந்தான். பாலத்துக்கு அவள் புருஷன் பெயர்தான். பனிச்சரிவில் புதைந்துபோன இராணுவ வீரர் பக்தவத்சலம். உடம்பு கிடைக்கவேயில்லை. பெயரை மட்டும் ஆளுயர எழுத்தில் எழுதி, மாலை போட்டு, கை தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல கூத்து!

உடம்பு கிடைக்காத ஆளுக்கு அவர்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. பெண்சாதி தண்ணீரைப் பார்த்து மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் தாலியைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். வந்துவிட்டால், சாகிறவரைக்கும் அவள் அவனுக்குத்தான் பெண்டாட்டி. வந்ததாக இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை.

இரண்டு வருஷமாக வேண்டா கூப்பிடவில்லை. அழவும் இல்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது. தின்றாள், மீன் விற்றாள், தூங்கினாள், அவ்வளவுதான். இப்போது நாவலூரில் ஒரு கேன்டீனில் வேலை கிடைத்திருந்தது. எப்படியாவது இந்தக் குப்பத்தை விட்டுப் போய்விட வேண்டும், வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீற? கூப்புடு," என்றான் பிரவின்குமார்.

கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

"பக்தவத்சலம்!"

கீழே ஒரு படகு போனது. வேறொன்றும் இல்லை.

"பக்தவத்சலம்!"

காற்று நின்றது. வெயிலில் கொதிக்க வேண்டிய கம்பி, அவள் உள்ளங்கைக்குக் கீழே சில்லென்று இருந்தது.

"பக்தவத்சலம்!"

"இன்னாமே?"

தண்ணீரிலிருந்து இல்லை.

தலைக்கு மேலே, இரும்புச் சட்டங்களுக்குள்ளிருந்து.

தூக்கத்தில் எழுப்பினால் புருஷன் சலித்துக்கொள்வானே, அதே சலிப்பு.

"பதிலு எதுனா வந்துச்சா?" என்று பிரவின்குமார் மெதுவாகக் கேட்டான். அவன் காதில் ஒன்றும் விழவில்லை. கூப்பிட்டவள்தான் சொல்ல வேண்டும்.

பயப்பட வேண்டும் என்று வேண்டாவுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

"இல்லண்ணா," என்றாள்.

தாலியைக் கழற்றிப் போட்டாள். அது தண்ணீரில் விழுந்த சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் காலை துணிப்பையோடு நாவலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாலத்து நிறுத்தத்தில் கண்டக்டர், "பக்தவத்சலம்!" என்று கத்தினார். யாரும் இறங்கவில்லை. ஏறியதாகவும் தெரியவில்லை. பஸ் கிளம்பியது.

அவள் பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது.

தோளில் குளிர் அடித்தது.

கண்டக்டர் டிக்கெட்டுக் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். "உனுக்கு ஃப்ரீம்மா. ஆம்பளைக்கு டிக்கெட்டு எடு."

"யாருக்கு?"

"பக்கத்துல மிலிட்டிரிக்காரரு குந்திகினு கீறாரே, அவருக்குத்தாம்மா. எங்க போறாராம்?"

வேண்டா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எடுத்தாள்.

"நாவலூரு, ஒண்ணு," என்றாள்.