சுருட்டு பீரோ

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இன்னும் வைக்கவில்லை. ஆனாலும் பெட்டிக்குள் தொங்கிய ஈரமானியின் முள் காலையில் எழுபதில் நின்றது.

தச்சர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுபதேதான். மீட்டரை வெளியே எடுத்து வேலை மேசையில் வைத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. உள்ளே மாட்டினார், ஏறியது. கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தார். புதியதும் பழையது சொன்னதையே சொன்னது.

ஆள் உயரப் பெட்டி. முப்பது வருடம் கப்பலில் இருந்துவிட்டு வந்த ஒருவர், தெருவே 'கப்பல்காரர்' என்று கூப்பிடும் மனிதர், தன் சுருட்டுகளை வைத்துக்கொள்ளச் செய்யச் சொன்னது. சுருட்டுக்கு எந்நேரமும் ஒரே அளவு ஈரம் இருக்க வேண்டும். கூடினால் பூஞ்சை, குறைந்தால் சருகு. அதனால் வெளியே தேக்கு, உள்ளே முழுக்க வாசனைச் செடார் மரப்பலகை, காற்றுப் புகாத கதவு, வெளியிலிருந்து பூட்டும் சாவி. கடைசியில் கிண்ணத்தில் பேட்டரித் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால், மரம் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் குடித்து முள் எழுபதுக்கு வரப் பத்து நாளாகும். அந்தப் பத்து நாளும் கதவைத் திறக்கக் கூடாது.

அந்தப் பத்து நாளைத்தான் தச்சரின் மனைவி பிடித்துவைத்திருந்தாள். பட்டறையில் உப்புத்தாள் போடுவதும் பாலிஷ் பூசுவதும் அவள் வேலை. மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதமாகிவிட்டது. இவர்கள் இன்னும் பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார் தச்சர். சுருட்டுக்கு பீரோ செய்கிற மனுஷனுக்குப் பேத்தியைப் பார்க்க நேரமில்லையாம் என்று எதிர் வீட்டுக்காரியிடம் சத்தமாகவே சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இவர் பக்கம் திரும்பி, இந்தத் தடவையும் தள்ளினால் தனியாகப் போவேன், அங்கேயே இருந்துவிடுவேன் என்றாள். அதில் சிரிப்பில்லை. வெள்ளிக்கிழமை இரண்டரை மணி பஸ்ஸுக்குச் சீட்டும் எடுத்துவிட்டாள்.

ஆகவே முள்ளைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை கதவைத் திறந்தபோது செடார் வாசனைக்கு அடியில் இன்னொன்று வந்தது. பசையோ பாலிஷோ இல்லை. விடியற்காலை போர்வையை விலக்கும்போது வரும், தூங்கிய உடம்பின் சூடும் தூங்கிய வாயின் வாடையும் கலந்த ஒன்று. பலகையில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் முதுகை எடுத்த சுவர்போல. அன்றிலிருந்து அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டத் தொடங்கியது. குடம் குடமாகக் குடித்தும் உதடு வெடித்தது. பதினெட்டு வருடமாக மரத்தூள் தின்று வளர்த்த இருமல் மட்டும், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்தது. மனைவிக்கு நிம்மதி. ராத்திரி இனித் தூங்கலாம், மருந்துக் கடைக்காரனுக்குத்தான் நஷ்டம் என்றாள்.

வியாழக்கிழமை தட்டுகளுக்குப் பலகை வாங்க மரக்கடைக்குப் போனவர் திரும்ப இரண்டு மணி நேரமாயிற்று. தோளில் பலகையோடு நுழைந்தவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்பங்க வெளிய போனீங்க?"

"ஏன்?"

"இவ்வளவு நேரம் பீரோவுக்குள்ள நின்னு அந்த இருமு இருமுனீங்க. கூப்பிட்டா 'ம்'னீங்க, சாப்பிட வரல. போன இருமல் திரும்பி வந்திருச்சேன்னு நானே நொந்துபோயிட்டேன்." பின்பக்கத்தைப் பார்த்தாள். "பின்வாசல் வழியா போயிட்டீங்களாக்கும்."

அவர் பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டார். வேறு எதைச் சொன்னாலும் பஸ் போய்விடும்.

அன்றிரவு அவர் படுத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தார். ஈரம் எங்கிருந்தோ வருகிறது. வெளியிலிருந்து வந்தால் ஏதோ ஒரு மூட்டில் இடுக்கு இருக்க வேண்டும். இடுக்கு இருந்தால் அது வெறும் பெட்டி. பசை வைத்து அடைத்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகலாம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தன் கைவேலையில் குறை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

இடுக்குப் பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. தட்டு பொருத்துமுன் அவரே பெட்டிக்குள் போய் நிற்பார். ஷட்டரை இறக்கி விளக்கை அணைத்துவிட்டு, மனைவி டார்ச்சோடு மூட்டு மூட்டாகச் சுற்றி வருவாள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே உள்ளிருந்து பென்சிலால் கோடு போடுவார். மூன்று தட்டுத் தட்டினால் அவள் திறப்பாள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். புதுப்புடவையில் இருந்தாள். சீக்கிரம் ஆகட்டும் என்றாள். ஷட்டர் இறங்கியது. அவர் உள்ளே போனார். கதவு மூடும்போது அமுங்கிய காற்று உஸ் என்றது. சாவி திரும்பியது.

இருட்டு. செடார். சூடு. மூக்கு நுனியில் ஈரம். டார்ச் தேக்கில் இடிக்கும் சத்தம் இடது பக்கம் கேட்டது, பிறகு தலைக்கு மேலே, பிறகு பின்னால், பிறகு பாதத்தின் அருகில். அவர் கண்ணை விரித்து ஒரு கீற்றுக்காகக் காத்திருந்தார். நல்ல தச்சன்தான் அவர். எங்கும் கசியவில்லை.

அப்போதுதான் மூச்சைக் கவனித்தார். இழுப்பது ஒன்று. விடுவது ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

அவர் மூச்சை அடக்கினார்.

இழுத்தது. விட்டது.

"வெளிச்சம் ஏதும் தெரியுதாங்க?" என்றாள் வெளியே.

வாயைத் திறந்தார். நாக்கு காய்ந்த உப்புத்தாளாகக் கிடந்தது. காற்றுகூட வரவில்லை.

"இல்ல," என்றது அவர் குரல். காதோரம். ஈரமாக. "ஒரு குறையும் இல்ல. தொற."

மூன்று தட்டு. அவர் தட்டவில்லை.

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. வெளியே போகக் காலைத் தூக்கினார். கால் மரமாக நின்றது. அவரை உரசிக்கொண்டு ஒரு முதுகு இறங்கிப் போனது. அவருடைய கட்டம் போட்ட சட்டை. வலது தோள் சற்றே இறங்கிய அவருடைய நடை. மனைவி அந்த முகத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள். உள்ளே அவள் பார்க்கவே இல்லை.

ஒரு கை கிண்ணத்தை அவர் காலடியில் வைத்தது. அவருடைய கை. கட்டைவிரலில் உளிக்காயத் தழும்பு.

உஸ்.

சாவி.

"தட்டுப் பலகையெல்லாம்?" என்றாள்.

"வந்து மாட்டிக்கலாம். பத்து நாள் இப்படியே கெடக்கட்டும்."

"என்னங்க இது, நீங்களா பேசறது? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான்தானே கத்தணும்?" அவள் சிரித்தாள். எத்தனையோ வருடமாக அவர் கேட்காத சிரிப்பு.

அவர் கையை அசைத்தார். விரல் ஒன்று நகர்ந்தது. நகத்தால் பலகையைத் தட்டினார். மறுபடி. மறுபடி.

வெளியே பேச்சு நின்றது.

"உள்ள என்ன சத்தம்?"

"மரம். ஈரத்துக்கு உப்புது."

செருப்புகள் நகர்ந்தன. ஷட்டர் கடகடவென்று மேலே ஏறியது. நடுப்பகல் வெயில் பட்டறை முழுக்க விழுந்திருக்கும், பெட்டியின் மேல், மூட்டுகளின் மேல், கதவோரத்தின் மேல். அவர் கண்ணை அகல விரித்துப் பார்த்தார். மேலே. கீழே. கதவோரம்.

ஒரு மயிரிழை வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை.