பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

மூன்றாவது பாட்டு முடிந்து நான்காவது தொடங்குவதற்குள் யாரோ இரண்டு முறை இருமினார்கள்.

அவன் நிமிர்ந்து படுக்கையறையைப் பார்த்தான். கதவு திறந்துதான் இருந்தது. ஐந்து வயது மகள், வீட்டில் கூப்பிடும் பெயர் சுண்டெலி, காய்ச்சல் மருந்தின் மயக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இருமிய முகமாகத் தெரியவில்லை.

மத்தியானம் இரண்டரை மணி. காலையிலிருந்து விடாத மழை. கொடியில் காயாமல் தொங்கிய துணிகளின் ஈர வாடையும், தரையில் சிந்திய மருந்தின் தித்திப்பும், பழைய இசைத்தட்டு உறையிலிருந்து வந்த மக்கிய அட்டை மணமும் சேர்ந்து அந்த இரண்டு அறை வீட்டில் வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. லிஃப்ட் மெக்கானிக்கான அவன்தான் லீவு போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெக்கார்டு பிளேயரில் ஓடிய தட்டு நேற்று வாங்கியது. ப்ளூஸ் என்கிற பழைய அமெரிக்கச் சோகப் பாட்டுகளின் தொகுப்பு. பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் ஒரு கிதாரை வைத்துக்கொண்டு அழாமல் அழுகிறவர்கள். கல்லாவில் எடுத்துப் பார்த்ததுமே கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மாதிரி தொகுப்பெல்லாம் எதுக்கு சார்? ஒரு ஆளப் புடிங்க, அவன் ஆல்பத்த முழுசா கேளுங்க. இது பன்னெண்டு வீட்டு வாசல்ல நின்னு எட்டிப் பாக்குற மாதிரி."

"யாரு வீடு நமக்கு ஒத்து வரும்னு தெரிய வேணாமாங்க? தெரியாம உள்ள போய் மாட்டிக்கிறதுக்கு வாசலே தேவல."

"நல்லாத்தான் பேசுறீங்க. ஒவ்வொரு பாட்டும் வேற தட்டு, வேற வருஷம், வேற ரூம். இந்தக் கம்பெனிக்காரன் சொந்தமாப் போட்டது பாட்டுக்குப் பாட்டு நடுவுல இருக்கிற நாலு செகண்ட்தான். அதுல ஒண்ணும் இருக்காது."

ஒன்றும் இருக்காது. அப்படியென்றால் இருமியது யார்?

முள்ளைத் தூக்கி மூன்றாவது பாட்டின் கடைசியில் வைத்தான். பாட்டு தேய்ந்து முடிந்தது. கரகரப்பு நின்றது. இரண்டு வறட்டு இருமல். அதன் வாலில் ஒரு சின்ன முனகல். இதற்காகவா காசு கொடுத்தோம் என்று தனக்குத்தானே சிரிக்கப் பார்த்தான். அப்போது உள்ளே சுண்டெலி இருமினாள். இரண்டு முறை. அதே வறட்சி. அதே முனகல்.

லிஃப்ட் மெக்கானிக்குக் காதுதான் சோறு போடுகிறது. பத்து மாடி உயரத்தில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று கீழே நின்றபடி சொல்லிவிடுவான். அந்தக் காது இப்போது சொன்னது: ஒரே சத்தம். முதலில் வந்தது தட்டில்.

எழுந்தான். உட்கார்ந்தான். ஜன்னல் வரை போய்த் திரும்பினான். நான்காவது பாட்டு ஓடி முடியும்வரை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். முடிந்தது. தட்டிலிருந்து சுண்டெலியின் குரல் வந்தது. நாலு செகண்டுக்குள் எப்படி அவ்வளவும் அடங்கியது என்று தெரியவில்லை, ஆனால் அடங்கியது.

"அப்பா, தண்ணி. சுடுதண்ணி வேணாம்." பிறகு கண்ணாடி டம்ளர் தரையில் விழுந்து உடையும் சத்தம்.

சமையலறைக்கு ஓடி வேண்டுமென்றே எவர்சில்வர் டம்ளரை எடுத்தான். அவன் தண்ணீர் பிடிப்பதற்குள் படுக்கையறையிலிருந்து அதே குரல் வந்தது. "அப்பா, தண்ணி. சுடுதண்ணி வேணாம்." அவன் அறைக்குள் போனபோது அவள் கை கட்டில் ஓரத்து மேசையைத் துழாவிக்கொண்டிருந்தது. காலையில் மனைவி மருந்து கலக்கி வைத்துவிட்டுப் போன கண்ணாடி டம்ளர் அங்கே இருந்ததை அவன் மறந்திருந்தான்.

விழுந்தது. உடைந்தது.

"திட்டாதப்பா."

"திட்டலடா செல்லம். நீ தூங்கு. அப்பா இங்கதான் இருக்கேன்."

சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டு மனைவிக்குப் போன் செய்தான்.

"ஏம்ப்பா, வார்டுல இருக்கேன், சீக்கிரம் சொல்லு. எவ்ளோ இருக்கு காய்ச்சல்?"

"நூத்தி ஒண்ணு. இல்ல, அது இல்ல. அந்த ரெக்கார்டு இருக்குல்ல, அதுல பாப்பா பேசுறா."

"யாரு?"

"நம்ம பாப்பா. அவ பேசுறதுக்கு முன்னாடியே."

அந்தப் பக்கம் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "ராத்திரி பூரா முழிச்சிருந்தேல்ல? அந்த ஒப்பாரிய நிறுத்திட்டு அவ பக்கத்துல போய் படு. ஆறு மணிக்கு வந்துருவேன்."

நிறுத்தத்தான் போனான். ஐந்தாவது பாட்டு கடைசி வரியில் இருந்தது. கை முள்ளுக்கு மேலே நின்றுவிட்டது.

பாட்டு முடிந்தது. தட்டில் வெறுங்கால்கள் தரையில் நடக்கும் சத்தம். சின்னக் கால்கள். தெருக்கதவின் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். அது அவன் வீட்டுத் தாழ்ப்பாள்தான், பாதியில் ஒருமுறை மாட்டிக்கொண்டு பிறகு வழுக்கும். பிறகு மிக அருகில் ஓர் ஆண் குரல். வார்த்தை இல்லை. தாழ்ந்த, பொறுமையான முனகல் ராகம்.

அவன் கதவுக்குப் பாய்ந்தான். தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது. இருபது கிலோ எடையுள்ள தன் கருவிப் பெட்டியை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்தான். சுண்டெலி கட்டிலில் இருந்தாள். போர்வை ஏறி இறங்கியது. தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். அதோடு, அடுத்து என்ன என்று தெரியவேண்டும். தெரிந்தால்தான் தடுக்கலாம். டம்ளரை மாற்ற நினைத்தது சரிதான், எந்த டம்ளர் என்பதைத்தான் தவறவிட்டான். இந்த முறை கவனமாகக் கேட்பான்.

தட்டின் இந்தப் பக்கத்தில் இனி ஒரே பாட்டு.

மழை கூரையைப் போட்டு அடித்தது. ஹெட்போனைச் செருகிக் காதில் மாட்டினான். மழை மறைந்தது, அறை மறைந்தது. தெருக்கதவும் கட்டிலும் இரண்டும் கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

ஆறாவது ஆள் முனகியே பாடினான். அதே ராகம். நீண்ட பாட்டு. கிதார் தேய்ந்தது. முடிந்தது.

ஒன்றுமில்லை.

இன்னும் கூர்ந்து கேட்டான். தட்டின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ சத்தம் இருந்தது, ஒரு நூல் அளவு. பதினேழு வருடப் பழக்கம். நுணுக்கமான சத்தம் என்றால் அவன் கண் தானாக மூடிக்கொள்ளும். உருளையைத் தேடும்போது மூடுவதுபோல, மூடிக்கொண்டது.

ஓர் ஆள் கூப்பிடுகிறான். தூரத்தில். திரும்பத் திரும்ப. "சுண்டெலி. சுண்டெலி." யாரும் பதில் சொல்லவில்லை. அது தன் குரல்தான் என்று புரிய அவனுக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது.

கண்ணைத் திறந்தான்.

கருவிப் பெட்டி சுவரோரம் இருந்தது. தெருக்கதவு விரியத் திறந்திருந்தது. சாரல் உள்ளே அடித்தது. ஈரத் தரையில் சின்னக் காலடிகள், வெளியே போனவை. அவற்றின் மேல் பெரிய காலடிகள். உள்ளே வந்தவை.

ஹெட்போன் கழன்று விழுந்தது. படிக்கட்டு வரை ஓடினான். காலி. தெரு முழுக்க மழை.

"சுண்டெலி!"

திரும்பி ஓடி வந்தான். கட்டிலில் போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் இருந்தாள். தலைமுடி தெரிந்தது. நெற்றி சுட்டது. அங்கேயே உட்கார்ந்து அவளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டான்.

"சுண்டெலி... சுண்டெலி..."

பதில் இல்லை. பாட்டெல்லாம் முடிந்து, முள் தட்டின் கடைசி வட்டத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. முன்னறைத் தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, கொசு சத்தம் அளவுக்கு, சுண்டெலியின் குரல் வந்தது.

"அப்பா, கதவத் தொற. இங்க ஒரே இருட்டா இருக்கு."

டக். தட்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

"அப்பா, கதவத் தொற. இங்க ஒரே இருட்டா இருக்கு."

டக்.

அவன் கைக்குள் இருந்தது மெல்லத் தலையை அவன் தோளில் சாய்த்தது. காதருகே சூடான மூச்சு. பிறகு அது முனகத் தொடங்கியது, தாழ்ந்து, பொறுமையாக, வயதான ஓர் ஆணின் குரலில்.