கறுப்புக்கு முந்தைய காட்சி

மோசஸ் இறந்த நாற்பதாம் நாள், அவன் வெட்டிக்கொண்டிருந்த ட்ரெய்லர் தானாக நான்கு வினாடி வளர்ந்திருந்தது.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு ட்ரெய்லர் வெட்டுவதுதான் அவன் பிழைப்பு. மகள் டானியாவின் பிறந்தநாளுக்கும் வருஷம் தவறாமல் ஒன்று வெட்டுவான்: வீட்டில் எடுத்த வீடியோத் துண்டுகள், நெஞ்சில் அறையும் முரசு, கடைசியில் கொட்டை எழுத்தில் ‘விரைவில்’. எட்டாவது பிறந்தநாளுக்கானதை முடிக்காமலே ரஞ்சன்காவ் சாலையில் லாரி மோதிப் போய்விட்டான். மனைவி பிலிஸ் தினமும் அதைப் போட்டுப் பார்ப்பாள். ஓரிடத்தில் அவன் சிரிப்பு கேட்கும்.

புதிதாக வந்திருந்த துண்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மறுநாள் சமையலறையில் அப்படியே வழிந்தது. அடுத்து வந்த துண்டில் டானியாவின் சிவப்புக் குடை பள்ளி வேன் கதவில் மாட்டிக் கிழிந்தது. மறுநாள் அவள் கிழிந்த குடையோடு வந்தாள்.

இன்று, வானவடி வட்டாரம் முழுதும் மூன்று நாளாக விடாத மழையில் ஊறிக்கிடக்க, காயாத சீருடையின் புளித்த வாடையும் சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி நெடியும் கலந்த அந்த நான்காம் மாடி அறையில், மூன்றாவது துண்டு ஓடியது. ஈரமான பால்கனி. முக்காலி மேல் டானியா. கொடியில் துணியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். முக்காலி சரிகிறது. கறுப்பு.

“விழறதைக் காட்டக் கூடாது, பிலிஸ்,” என்பான் மோசஸ், வெட்டும்போதெல்லாம். “அதுக்கு முன்னாடியே கறுப்பு விட்றணும். மீதி, பாக்கறவங்க தலைக்குள்ள ஓடும்.”

பால்கனியைப் பூட்டினாள். முக்காலியை உடைத்தாள். துண்டு திரையை விட்டுப் போகவில்லை.

“அரே மம்மி,” அடுத்த அறையிலிருந்து டானியா. “நான் எத்தனை ஷாட்ல வர்றேன்? போன தடவை என்னைவிட கேக்குதான் ஜாஸ்தி வந்துச்சு!”

“ஹோம்வொர்க் பண்ணுடா கண்ணு. எழுந்திரிக்காதே.”

துண்டை அழித்தாள். மோசஸ் சொல்லிக்கொடுத்த வழி. ஒன்றை எடுத்தால் மற்றவை தானாக நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். இப்போது கறுப்பை ஒட்டி வந்து நின்றது மோசஸ் எடுத்த பழைய துண்டு: சைக்கிளில் டானியா, பின்னால் ஒரு பஸ்.

அழித்தாள்.

மெழுகுவத்தியை நோக்கிக் குனியும் டானியா. கறுப்பு.

அழித்தாள். அழித்தாள்.

மிச்சமிருந்தது ஒன்றே: மருத்துவமனைத் தொட்டிலில், பிறந்து ஒரு மணி நேரமான டானியா. கறுப்பு.

அழித்தாள்.

அடுத்த அறையில் பென்சில் உரசும் சத்தம் நின்றது.

“டானியா?”

மழை.

ஓடினாள். மேசை இல்லை. கட்டில் இல்லை. சுவரில் உயரம் குறித்த கோடுகள் இல்லை. வெறுந்தரை.

பின்னால் முரசு ஆரம்பித்தது. திரும்பினாள். திரையில், காலி அறையின் வாசலில், அவள் உடையிலேயே ஒரு பெண் யாரையோ கூப்பிட வாயெடுத்து, பெயர் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.